இரண்டு வாக்குகளுக்கு நடுவே முப்பது ஆண்டுகள்

2025 நவம்பரில், வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கான கணக்கீட்டுப் படிவத்தை எங்கள் பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனார். பிறந்த தேதி, தந்தை பெயர், தாய் பெயர் ஆகியவற்றோடு, முந்தைய தீவிரத் திருத்தத்தின் பட்டியலில் நம் பெயரோ பெற்றோரின் பெயரோ எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருந்தது என்பதையும் அதில் நிரப்ப வேண்டும். கோத்தகிரியில் எங்கள் தெருவில் இருந்த பலருக்கு அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். அம்மா மட்டும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, படிவத்தின் இரண்டு பக்கங்களையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "மறுபடியும் எழுதிக் குடுக்கச் சொல்றாங்களா?" என்று கேட்டார்.

அந்த "மறுபடியும்" என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கதை எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. அம்மா 1960-இல் இலங்கையின் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்து அறையில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அங்கேயே பிறந்தவர்தான். தாத்தாவைப் பற்றி நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. தம் வாழ்நாளின் முதல் வாக்கை அவர் 1947-இல், இருபத்திரண்டு வயதில், இலங்கையின் முதல் நாடாளுமன்றத் தேர்தலில் அளித்தார். இரண்டாவது வாக்கை 1977 மார்ச்சில், ஐம்பத்திரண்டு வயதில், நீலகிரித் தொகுதியில் அளித்தார். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளும் அவர் காட்டில் ஒளிந்திருக்கவில்லை, சிறையிலும் இருக்கவில்லை. விடிவதற்கு முன் எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் விழுந்து, மலையேறித் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்.

குடியுரிமை என்றால் என்ன என்ற கேள்வியைப் பாடப்புத்தகங்கள் வரையறையிலிருந்து தொடங்குகின்றன. எனக்கு அந்த முப்பது ஆண்டுகளிலிருந்து தொடங்குவதே சரி என்று படுகிறது. ஒன்றின் பொருள் அது இருக்கும்போது விளங்குவதைக் காட்டிலும், அதைப் பிடுங்கிக்கொண்ட பின் நன்றாக விளங்கும்.

1947 தேர்தலில், இலங்கையின் மலைநாடான மலையகத்தின் தோட்டத் தொழிலாளர்கள் திரளாக வாக்களித்தார்கள். அவர்களுடைய கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலிருந்தும், கவிஞரான சி.வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலிருந்தும் நாடாளுமன்றம் சென்றார்கள். தாத்தா வாக்களித்தது வேலுப்பிள்ளைக்குத்தான். 1931-இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தபோதே தோட்ட மக்களுக்கு மட்டும் வதிவிட நிபந்தனைகள் விதிக்கப்பட்டிருந்தன. அந்தத் தடைகளைத் தாண்டியும் அவர்கள் இத்தனை தொகுதிகளில் வெற்றியைத் தீர்மானித்தது, புதிதாகச் சுதந்திரம் பெறவிருந்த நாட்டின் ஆட்சியாளர்களுக்கு உவப்பாக இருக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் வாக்கு வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் கைகொடுத்திருந்தது.

சுதந்திரம் வந்த அதே ஆண்டில், பிரதமர் டி.எஸ். சேனநாயக்காவின் அரசு 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மலையகத்தில் இன்றும் முதியவர்கள் 'குடியுரிமை' என்று சொல்வதில்லை, 'பிரஜாவுரிமை' என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சட்டத்தின்படி, இலங்கையில் பிறந்திருப்பது மட்டும் போதாது. தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அதற்குச் சான்றும் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து, ஆள்சேர்க்கும் கங்காணியின் பின்னால் மன்னார்க் காட்டு வழியே நடந்துவந்த கூலிக்குப் பிறப்புச் சான்றிதழ் யார் கொடுத்தார்கள்? சான்று கேட்டிருந்தால் கண்டிச் சிங்கள விவசாயிகளில் பலராலும் காட்டியிருக்க முடியாது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதே வேறுபாடு.

இந்தச் சட்டம் 1948 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. சரியாக 25 நாட்கள் கழித்து, டிசம்பர் 10 அன்று, ஐ.நா. பொதுச் சபை மனித உரிமைகள் பிரகடனத்தை ஏற்றது. அதன் 15-ஆம் உறுப்பு, ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியினராக இருக்கும் உரிமை உண்டு என்று சொல்கிறது. அந்தச் செய்தி தலவாக்கலை லயங்களை எட்டியிருக்க வாய்ப்பில்லை.

இங்கே சொல்லைப் பற்றிச் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. 'பிரஜை' என்பது மகவையும் குறிக்கும், அரசனுக்கு அடங்கி வாழ்பவரையும் குறிக்கும். ஆள்பவர் மனம் வைத்தால் காக்கப்படுபவர் என்ற வாடை அதில் உண்டு. 'குடி' நம் சொல். வீடு, குடும்பம், குலம், ஊர் மக்கள் என்று அது விரிகிறது. பழைய தமிழில் 'குடிமை' என்றால் நல்ல குடியில் பிறந்ததன் உயர்வு. இன்று நாம் அதே சொல்லைக் 'குடிமைச் சமூகம்', 'குடிமைப் பணி' என்று பிறப்போடு தொடர்பற்ற ஒன்றுக்குப் பயன்படுத்துகிறோம். ஒரு சொல்லைப் பிறப்பிலிருந்து பிரித்தெடுத்து, சேர்ந்து வாழ்தலோடு ஒட்டவைத்தது இருபதாம் நூற்றாண்டுத் தமிழின் நல்ல செயல்களில் ஒன்று என்று நான் கருதுகிறேன். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு எதிர்த்திசையில் நடந்தது. சேர்ந்து வாழ்ந்ததை ஒதுக்கிவிட்டு, பாட்டனும் பூட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது.

மறு ஆண்டு மேலும் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்கள் விண்ணப்பித்துப் பிரஜாவுரிமை பெறலாம் என்றது. 1946 ஜனவரி 1 வரை, திருமணமானவர் 7 ஆண்டுகளும் ஆகாதவர் 10 ஆண்டுகளும் இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும், நிலையான வருவாய் இருக்க வேண்டும், இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மற்றொன்று, தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜையல்லாதவரின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. இந்தியன் காங்கிரஸ் முதலில் விண்ணப்பிக்க வேண்டாம் என்றது, பிறகு கடைசி நேரத்தில் மனம் மாறியது. 8 லட்சத்துக்கும் அதிகமானோரை உள்ளடக்கிய விண்ணப்பங்கள் குவிந்தன. பதினான்கு ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது ஏறக்குறைய 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. தாத்தாவின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதற்கு எங்கள் வீட்டில் சொல்லப்படும் காரணம், செக்ரோலில் இருந்த பெயருக்கும் விண்ணப்பத்தில் எழுதிய பெயருக்கும் ஓர் எழுத்து மாறியிருந்தது என்பது. எழுதிக் கொடுத்தது வேறொருவர். தாத்தா கைநாட்டு.

ருவன்வெல்லைத் தொகுதியில் வாக்காளராகப் பெயர் சேர்க்கக் கேட்டு மறுக்கப்பட்ட கோடக்கன் பிள்ளை என்பவரின் வழக்கு, அன்று இலங்கைக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. எந்த ஒரு சமூகத்துக்கும் பாதகமான சட்டம் இயற்றக் கூடாது என்று இலங்கையின் அன்றைய அரசியலமைப்பான சோல்பரி அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு சொல்லியிருந்ததால், நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. 1953-இல் வந்த தீர்ப்போ, தன் நாட்டின் குடிகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு சட்டமன்றத்தின் இயல்பான உரிமை என்று சொல்லிச் சட்டங்களைச் செல்லுபடியாக்கியது. எழுத்தளவில் எல்லோருக்கும் பொதுவாகத் தோன்றும் ஒரு நிபந்தனை, நடைமுறையில் ஒரு சமூகத்தை மட்டும் வெளியே தள்ளுமானால் அதை என்னவென்று அழைப்பது என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் விடையில்லை. வடக்கின் தலைவர்களில் எஸ்.ஜே.வி. செல்வநாயகம் இந்த அநீதியை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று இவர்களுக்கு நடப்பது நாளை நமக்கும் நடக்கும் என்பது அவருடைய வாதமாக இருந்தது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொரு நுட்பமான செய்தி. வாக்கு பறிக்கப்பட்ட பிறகும், தொகுதிகளுக்கான மக்கள்தொகைக் கணக்கில் இந்த மக்கள் எண்ணப்பட்டார்கள். சோல்பரி ஏற்பாட்டின்படி 75,000 மக்களுக்கு ஓர் இடம். ஆகவே தோட்ட மாவட்டங்களுக்கு இடங்கள் குறையவில்லை, அந்த இடங்களுக்கு வாக்களிப்போர் மட்டும் குறைந்தார்கள். எஞ்சிய வாக்காளர்களின் ஒவ்வொரு வாக்குக்கும் எடை கூடியது. மலையக மக்களைத் தலையெண்ணிக்கைக்குச் சேர்த்துக்கொண்டு, வாக்குப்பெட்டியருகே மட்டும் நிறுத்திவைத்தார்கள். மந்தையை எண்ணுவதற்கும் குடிகளை எண்ணுவதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக ஒரு சட்டம் காட்ட முடியாது.

குடிமக்களின் பங்கு என்ன என்று கேட்டால், கடமைகளை வரிசைப்படுத்துவதுதான் பள்ளி வழக்கம். வரி கொடுக்க வேண்டும், உழைக்க வேண்டும், சட்டத்தை மதிக்க வேண்டும், பொதுச் சொத்தைக் காக்க வேண்டும். இந்தப் பட்டியலை மலையகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். 1950-களில் இலங்கையின் ஏற்றுமதி வருவாயில் பாதிக்கும் மேல் தேயிலையிலிருந்து வந்தது. இலவசக் கல்விக்கும் அரிசி மானியத்துக்கும் அந்தப் பணம்தான் ஆதாரம். கடைகளில் அவர்கள் வாங்கிய ஒவ்வொரு பொருளிலும் அரசுக்கு வரி போனது. கடமை என்று எதையெல்லாம் சொல்கிறோமோ அதையெல்லாம் நாடற்றவர் என்று எழுதப்பட்ட பத்து லட்சம் பேர் செய்துகொண்டிருந்தார்கள். ஆகவே கடமையைச் செய்தால் உரிமை தானே வரும் என்று மேடையில் சொல்பவர்களை என்னால் நம்ப முடிவதில்லை.

அவர்கள் கடமையோடு நின்றுவிடவும் இல்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது, காவல்துறையினர் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அந்தச் சாவை விசாரிக்க ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தோட்டத்துக்குள் மேலாளரான துரை வைத்ததே சட்டம் என்றிருந்த காலத்தில், அரசு வந்து பதில் சொல்ல வேண்டிய நிலையை ஒரு கூலித் தொழிலாளியின் சாவு உண்டாக்கியது. 1952-இல் வாக்குரிமை பறிப்பை எதிர்த்துக் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் நடந்தது. 1977 மே 11 அன்று, தோட்டத்து நிலம் 7,000 ஏக்கரைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்த போராட்டத்தில், டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். அதன் பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நிலத்தைக் காத்தவர்களுக்கு அந்த நிலத்தில் ஓர் அடியும் சொந்தமில்லை, அவர்களில் பலருக்கு எந்த நாட்டின் பிரஜாவுரிமையும் இல்லை. ஆனாலும் அவர்கள் செய்ததைக் குடிமக்களின் செயல் என்றல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

அப்படியானால் பிரஜாவுரிமை இல்லாமல் அவர்கள் எதை இழந்தார்கள்? என் கணிப்பில், பதில் பெறும் உரிமையை. தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்தால் துரையிடம் கேட்கலாம், அவர் மனம் வைத்தால் நடக்கும். கூரைத் தகரம் பறந்தால் கணக்கப்பிள்ளையிடம் சொல்லலாம். வாக்கு இல்லாதவரின் முறையீட்டை மனுவாக ஏற்க வேண்டிய கட்டாயம் எந்த அமைச்சருக்கும் இல்லை. கேட்பது யாருக்கும் முடியும். பதில் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் ஆள்பவரை நிறுத்துவதற்குத்தான் குடியுரிமை வேண்டும்.

1964 அக்டோபர் 30 அன்று தில்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவானது. அந்த மிச்சத்தையும் 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் மாட்டையும் பாத்திரத்தையும் பிரிப்பதற்குக்கூடப் பங்காளிகளைக் கூட்டிவைத்துப் பேசுவார்கள். இங்கே பிரிக்கப்பட்டவர்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

விண்ணப்பங்கள் 1968-க்கும் 1970-க்கும் இடையே பெறப்பட்டன. இதுதான் அம்மா சொன்ன "எழுதிக் குடுத்தது". இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்கள் ஒதுக்கீட்டைக் காட்டிலும் குறைவு, இலங்கைக்கு விண்ணப்பித்தவர்கள் ஒதுக்கீட்டைக் காட்டிலும் மிக அதிகம். மக்களின் விருப்பம் எங்கே இருந்தது என்பதற்கு வேறு வாக்கெடுப்பு தேவையில்லை. தாத்தா முன்பு ஒருமுறை நிராகரிக்கப்பட்டதால், மறுபடியும் வாசலில் நிற்க மனமில்லாமல் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அவருடைய அண்ணன், எங்கள் பெரிய தாத்தா, பிறந்த மண்ணை விட்டு வரமாட்டேன் என்று இலங்கைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பிரா அறைகளில் இருந்த இரண்டு குடும்பங்கள், இரண்டு படிவங்களால் இரண்டு நாட்டாராக ஆனார்கள். 1973, 1974-இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தபோது, தாத்தா எடுத்த முடிவு சரி என்று பாட்டிக்குத் தோன்றியதாம். பெரிய தாத்தா அப்போதும் அசையவில்லை.

1976 பிப்ரவரியில் தாத்தா குடும்பம் புறப்பட்டது. அம்மாவுக்குப் பதினாறு வயது. தலைமன்னார் வரை கோச்சியில், அதாவது ரயிலில், அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலில், பிறகு மண்டபம் முகாமில் சில நாட்கள். கையில் இந்தியத் தூதரகம் கொடுத்த பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும். தாயகம் திரும்பியோருக்கென்றே 1968 முதல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாக்கப்பட்டிருந்தன. கோத்தகிரிப் பக்கத்துக் காட்டை வெட்டிப் போட்ட புதுத் தோட்டத்தில் அவர்களுக்கு வேலை கிடைத்தது. அம்மா அங்கே வந்து இறங்கியபோது முதலில் பார்த்தது மறுபடியும் லயத்தைத்தான். "இதுக்கா கடல் தாண்டி வந்தோம்" என்று பாட்டி கேட்டதை அம்மா இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார். 1971 கணக்கெடுப்பில் இலங்கையில் ஏறக்குறைய 11 லட்சத்து 75 ஆயிரமாக இருந்த இந்தியத் தமிழர் தொகை, 1981-இல் ஏறக்குறைய 8 லட்சத்து 19 ஆயிரமாகக் குறைந்தது. அப்படிக் குறைந்தவர்களில் அம்மாவும் ஒருவர்.

அவர்கள் வந்து சேர்ந்த காலத்தையும் பாருங்கள். நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டில் ஆட்சி கலைக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. வாழ்நாளில் முதன்முறையாக ஒரு நாட்டின் முழுக் குடிமகனாகத் தாத்தா ஆனபோது, அந்த நாட்டில் குடிமக்களின் அடிப்படை உரிமைகள் நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. அதே ஆண்டில்தான் 42-ஆவது திருத்தம் அரசியலமைப்பில் 51அ என்ற உறுப்பைச் சேர்த்து, குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் என்று பத்தைப் பட்டியலிட்டது. பதினொன்றாவது, பிள்ளைகளுக்குக் கல்வி அளிப்பது, 2002-இல் சேர்ந்தது. அந்தப் பட்டியலில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. இயற்கையைக் காப்பது, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது என்பனவெல்லாம் நல்லவையே. ஆனால் உரிமைகள் உறங்கிக் கிடந்த வேளையில் கடமைகள் எழுதப்பட்டன என்பதை மறந்துவிட்டு அதைப் பாராயணம் செய்யச் சொல்லும்போது எனக்குச் சற்றே நெஞ்சு கரிக்கிறது.

1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. தாத்தா குளித்து, நெற்றி நிறைய நீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார் என்பது வீட்டில் பலமுறை சொல்லப்பட்ட கதை. யாருக்கு வாக்களித்தார் என்று சாகும் வரை அவர் சொல்லவில்லை. பாட்டியிடம்கூட.

குடியுரிமை கிடைத்ததும் எல்லாம் நேராகிவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். அங்கே 'கள்ளத்தோணி' என்று ஏசினார்கள், இங்கே 'சிலோன்காரங்க' என்றார்கள். பாஸ்போர்ட்டோடு வந்தவர்களையும் 'அகதி' என்று சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. எனக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அம்மா ஓர் அலுவலகத்துக்குப் பதினோரு முறை நடந்தார். பாட்டனின் சொந்தக் கிராமத்திலிருந்து சான்று கொண்டுவாருங்கள் என்றார்கள். எந்தக் கிராமம் என்று தாத்தாவுக்கே தெரியாது, திருச்சிராப்பள்ளிப் பக்கம் என்று மட்டும் அவருடைய அப்பா சொல்லியிருந்தாராம். பாட்டன் எங்கே பிறந்தான் என்று இலங்கைச் சட்டம் கேட்ட கேள்வியை, இந்திய அலுவலகம் ஒன்று மறுபுறத்திலிருந்து கேட்டது. ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. பன்னிரண்டாவது முறை அம்மா ஒரு மனுவை எழுதி, மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, ரசீது வாங்கிவந்தார். அடுத்த மாதம் சான்றிதழ் வந்தது. அந்த ரசீதை அவர் இன்னும் வைத்திருக்கிறார்.

பெரிய தாத்தா குடும்பத்தின் கதை வேறு வேகத்தில் நகர்ந்தது. 1988-இல் வந்த சிறப்புச் சட்டம், சத்தியக் கடதாசி (உறுதிமொழிப் பத்திரம்) ஒன்றின் பேரில் பலருக்குப் பிரஜாவுரிமை கிடைக்க வழிசெய்தது. 2003-இல் வந்த 35-ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமையை உறுதிசெய்தது. அதாவது, 1948-இல் ஒரு சட்டத்தால் செய்ததை முழுதாகத் திருத்த 55 ஆண்டுகள் ஆயின. பெரிய தாத்தா அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவருடைய மகன், எனக்கு மாமா முறை, ஹட்டனில் வாக்களிக்கிறார். மாமாவோடு தொலைபேசியில் பேசும்போது நான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். வாக்கு வந்த பிறகும் அவர்களுடைய லயத்துக்குப் போகும் பாதையைப் பிரதேச சபை செப்பனிட முடியவில்லை. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு, தோட்டப் பகுதிகளில் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. தோட்டம் தனியார் இடமாம். உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அந்த உறுப்பினரால் தம்மைத் தேர்ந்தெடுத்தவரின் வாசலுக்கு ஒரு விளக்குப் போட முடியாது. அந்தச் சட்டத்தை 2018-இல்தான் திருத்தினார்கள். "பிரஜாவுரிமை வந்துச்சு, ஆனா றோட்டுல ஏறி லயத்துக்குள்ள வர பதினஞ்சு வருசம் புடிச்சிருச்சு" என்று மாமா சொன்னார்.

இதைக் கேட்ட பிறகு எனக்கு இங்குள்ள கிராம சபை வேறு கண்ணோடு தெரிந்தது. அரசியலமைப்பின் 243-ஆவது உறுப்பு கிராம சபையை எளிமையாக விளக்குகிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் சேர்ந்ததே கிராம சபை. யாரும் அவர்களை அதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தேதிகளில் அது கூட வேண்டும். நடைமுறையில் பாதிக் கூட்டங்கள் கையெழுத்துக்கும் தேநீருக்கும் மட்டும் கூடுகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஓய்வுபெற்ற பிறகு எங்கள் பக்கத்து ஊராட்சியில் தம்பி வீட்டோடு இரண்டு ஆண்டுகள் இருந்த அம்மா, 2023 அக்டோபர் 2 கூட்டத்தில் எழுந்து, மேல்லயத்துப் படிக்கட்டில் விளக்கு இல்லாததால் காட்டுமாடு நிற்பது தெரிவதில்லை என்று சொன்னார். தலைவர் "பார்க்கலாம்மா" என்றார். அம்மா உட்காரவில்லை. "பார்க்கலாம்னு வேணாம், தீர்மானப் புத்தகத்துல எழுதுங்க" என்றார். எழுதினார்கள். ஐந்து மாதம் கழித்து விளக்கு வந்தது, அதுவும் ஒன்றுதான், கேட்டது மூன்று. அடுத்த கூட்டத்தில் அவர் மீதி இரண்டைக் கேட்டார்.

அம்மாவின் வயதையொத்த, அதே மலைகளில் பிறந்த பலர் தமிழ்நாட்டின் மறுவாழ்வு முகாம்களில் இன்னும் எந்த நாட்டினரும் அல்லாதவர்களாகவே இருக்கிறார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு, முறையான தாள்கள் இல்லாமல் கடல் கடந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய வேர் தமிழ்நாட்டு ஊர்களில் இருந்தும், குடியுரிமைச் சட்டத்தின் பார்வையில் சட்டவிரோதக் குடியேறிகள். 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இத்தகைய 65 பேரின் குடியுரிமைக் கோரிக்கையை அரசு பரிவோடு பரிசீலிக்க வேண்டும் என்று சொன்னது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண், 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியக் குடிமகரே என்ற சட்டப் பிரிவைக் காட்டி வழக்குத் தொடுத்து, 2022-இல் கடவுச்சீட்டுக்கான உத்தரவைப் பெற்று, 2024 ஏப்ரலில் திருச்சியில் வாக்களித்தார். முப்பத்தெட்டு வயதில் முதல் வாக்கு. செய்தித்தாளில் அந்தப் படத்தைப் பார்த்தபோது அம்மா நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை.

நவம்பர்ப் படிவத்துக்கு வருகிறேன். அம்மாவே அதை நிரப்பினார், நான் எழுதித் தருகிறேன் என்றபோது விடவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் ஆதாரோடும் பழைய வாக்காளர் அட்டையோடும் மூன்று முறை ஒப்பிட்டார். இரண்டு படிகளில் ஒன்றில் அலுவலரின் கையொப்பம் வாங்கி, பழைய குடும்ப அட்டை இருந்த உறையிலேயே வைத்தார். டிசம்பரில் வரைவுப் பட்டியல் வந்ததும் வாக்குச்சாவடிக்கே போய்த் தன் பெயரைப் பார்த்தார், இருந்தது. பிறகு விரலை மேலே கொண்டுபோய் எங்கள் தெருவின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாவது வீட்டில் வாடகைக்கு இருக்கும் தையல்காரப் பெண்ணின் பெயர் இல்லை. மறுநாள் காலை, அந்தப் பெண்ணைத் தையல் இயந்திரத்தின் முன்னாலிருந்து எழுப்பி, பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ நிரப்பவைத்து, அவரோடு தானும் வரிசையில் போய் நின்றார்.